என் பாத்தியில் களை இல்லை

மார்ச் மாதம், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு மெயில் வந்து விழுந்தது. எங்கள் ஊர் கம்யூனிட்டி கார்டனில் எனக்கு ஒரு பிளாட் ஒதுக்கியிருக்கிறார்களாம், சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, சம்மதம் என்று அடித்து அனுப்பினேன். மெயிலை முழுசாகப் படித்தது அதற்குப் பிறகுதான்.

நியூஜெர்சியில், எடிசனுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. ஊருக்குச் சொந்தமான ஒரு திடலைச் சுற்றி மான் நுழையாதபடி வேலி போட்டு, உள்ளே துண்டு துண்டாகப் பிரித்து, காய்கறி போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். என்னைப் போல அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு அதை விட்டால் கையில் தொட மண் கிடையாது. வெயிட்டிங் லிஸ்டில் பெயர் கொடுத்து வருஷங்கள் ஓடிவிட்டன. நான் அதை மறந்திருப்பேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்படியெல்லாம் மறக்காது.

திருப்பூருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "பிளாட்டா? எத்தன சென்ட்டு கண்ணு?" என்றாள். வாங்கவில்லை, வருஷத்துக்கு என்று கொடுக்கிறார்கள், கீரை போடப் போகிறேன் என்றேன். "நம்மூட்ல ஒரு ரோசாத் தொட்டி தங்குனதில்ல. உனக்கெதுக்கு கண்ணு இந்த வேல?" என்று சிரித்தாள். அவள் சொன்னது சரிதான். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் என்று சொன்னாலே இங்கே இருக்கும் சென்னைக்காரர்கள் எனக்கு ஒரு கிணறும் பம்ப்செட்டும் எழுதி வைத்துவிடுவார்கள். என் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாங்கள் இருந்தது வரிசை வீட்டில், வாசல் முழுக்க சிமென்ட். மண் காலில் ஒட்டினால் கழுவிவிட்டு உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கும் மண்ணுக்கும் இருந்த உறவு.

பிறகு எதற்கு இந்த வேலை? நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் என் பெயருக்கு என்று எதுவும் இல்லை. வீட்டு லீஸ் கணவர் பெயரில், அதில் நான் அவரோடு குடியிருக்கும் ஆள். கார் அவர் பெயரில். கரன்ட் பில், போன் பில் எல்லாம் அவர் பெயரில். விசாவிலும் நான் டிபென்டன்ட். அவருடைய கிரீன் கார்டு ஒரு குறிப்பிட்ட படியைத் தாண்டும்வரை நான் வேலைக்குப் போகக் கூடாது. கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டிங் டீமையே கட்டி மேய்த்தவள் நான். இங்கே பல் டாக்டரிடம் போனால்கூட அவர் பெயரைச் சொன்னால்தான் என் ஃபைல் வெளியே வரும். அந்த மெயில் 'டியர்' என்று ஆரம்பித்து என் பெயரோடு வந்தது. எங்கேயும் அவர் பெயர் இல்லை. அந்தத் துண்டு நிலம் என் கையை விட்டுப் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். போன வருஷத்துக் களை காய்ந்து என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. கீழே செங்களிமண், கடப்பாரை இறங்காது போலிருந்தது. கணவர் வேலியைப் பிடித்துக்கொண்டு, "யாராச்சும் ஆளு வெச்சு கிளீன் பண்ணிரலாம்" என்றார். ஆள் எங்கே இருக்கிறது, நான்தான் ஆள் என்றேன். என் மகள், பத்து வயது, ஒரு உடைந்த பிளாஸ்டிக் தொட்டியைக் காலால் தள்ளிவிட்டு, "கேன் வீ கோ நௌ?" என்றாள்.

தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் கோஆர்டினேட்டர் அம்மா அங்கே இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தொப்பி, முட்டிவரை பூட்ஸ். கண்டிஷன்களைச் சொன்னார். ஜூன் நடுவில் சுற்றிப் பார்க்க வருவார்கள். அதற்குள் பிளாட் முழுக்க நட்டிருக்க வேண்டும், களை இருக்கக் கூடாது. இருந்தால் மூலைக் குச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டுவார்கள். இரண்டு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் லிஸ்டில் அடுத்த பெயருக்குப் போய்விடும். அன்பாகத்தான் சொன்னார். இந்த ஊரில் கெட்ட செய்தியையும் அதே குரலில்தான் சொல்வார்கள்.

மற்றவர்கள் தக்காளி, குடைமிளகாய், சுரைக்காய் மாதிரி ஒன்று, இவற்றையெல்லாம் போடுவார்கள். எனக்குக் கீரை வேண்டும். ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் முளைக்கீரை வரும் நாளும் உண்டு, ஆனால் நான் போய்ச் சேரும் நேரத்துக்கு அது தலை தொங்கிப்போய் ஐஸ் தண்ணீரில் கிடக்கும். பையில் அடைத்து விற்கும் பாலக்கைக் கடைந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு அலுத்துவிட்டது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணிடம் முளைக்கீரை, தண்டுக்கீரை விதை இருப்பது தெரிந்து, கோயில் பார்க்கிங்கில் வைத்து ஜிப்லாக் பையில் வாங்கிவந்தேன். காரின் டிக்கியைத் திறந்து அவர் அதைக் கொடுத்த விதத்தைப் பார்த்திருந்தால் போலீஸ் பிடித்திருக்கும்.

முதல் விதைப்பு ஊற்றிக்கொண்டது. சித்திரை பிறந்த நாளில் போட்டால் நல்லது என்று கணவர் சொன்னார். காலண்டரில் இருந்த நல்ல நேரம் இந்திய நேரமா, நியூஜெர்சி நேரமா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் ஜாக்கெட், குல்லா, கையுறை சகிதமாக நின்று ஏப்ரல் குளிரில் விதை தூவினோம். சித்திரை வெயில் என்ற எண்ணம் எங்கள் மண்டைக்குள் மட்டும்தான் அடித்துக்கொண்டிருந்தது. மண் ஃப்ரிட்ஜ் மாதிரி இருந்தது. ஒரு விதையும் எழுந்திருக்கவில்லை.

மே கடைசியில் மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை நேரம் பார்க்கவில்லை, மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். யூடியூபில் ஒரு தம்பி காட்டியபடி சின்னச் சின்னப் பாத்திகளாகக் கட்டி, ஓரத்துக்கு வரப்பு பிடித்து, விதையை மணலோடு கலந்து கோலப்பொடி தூவுவதுபோல் தூவினேன். கீரையை நம் ஊரில் அப்படித்தான் போடுவார்கள், வரிசை எல்லாம் கிடையாது. நெருக்கமாக வரும், பெரியதாக வருவதை வேரோடு பிடுங்கிச் சமைத்தால் மீதிக்கு இடம் கிடைக்கும். ஒரு வாரத்தில் பாத்தி முழுக்கப் பச்சையும் சிவப்புமாக முளைத்து நின்றது. மூலையில் பருப்புக் கீரை தானாகவே படர்ந்திருந்தது. சும்மா கிடைத்ததே என்று அதற்கும் தண்ணீர் விட்டேன். அந்த நாட்களில் நான் இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகளை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்ட கையோடு அங்கே ஓடிவிடுவேன்.

ஜூன் நடுவில் ஒரு காலை போனபோது என் மூலைக் குச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

முதலில் தப்பான இடத்தில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் மெயில் இருந்தது. பிளாட் முழுவதும் களை மண்டியிருக்கிறது, பயிர் எதுவும் நடப்படவில்லை, இரண்டு வாரம் அவகாசம். திரும்பப் போய் அவர்கள் கண்ணால் பார்க்க முயற்சி செய்தேன். இரண்டு பக்கமும் நூல் பிடித்து நட்ட தக்காளி, ஒவ்வொன்றுக்கும் கம்பிக் கூண்டு, பெயர் எழுதிய அட்டை. நடுவில் என் பிளாட்டில் வரிசை இல்லாமல், பெயர் இல்லாமல், காடு மாதிரி ஒன்று. இந்த நாட்டில் முளைக்கீரையின் பங்காளி ஒன்று சாலை ஓரமெல்லாம் தானாக வளர்கிறது. அதை 'பிக்வீட்' என்பார்கள், பன்றிக் களை என்று அர்த்தம். பருப்புக் கீரையும் இங்கே களைதான். இரண்டையும் நான் வரப்பு கட்டித் தண்ணீர் விட்டு வளர்த்திருக்கிறேன்.

சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அம்மா, இட் டஸ் லுக் லைக் வீட்ஸ்" என்றாள். பெற்ற பிள்ளைக்கே அது களையாகத் தெரிந்தால் மற்றவர்களை என்ன சொல்வது.

பக்கத்து பிளாட் ஒரு ஜமைக்கா அம்மாவுடையது. அறுபது வயது இருக்கும், அதிகம் பேச மாட்டார். தோட்டத்திலேயே அவருடைய தக்காளிதான் அழகு. எங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேச்சு, எனக்குப் பட்ட தமிழில் இங்கே எழுதுகிறேன். இரண்டு பிளாட்டுக்கும் நடுவில் இருந்த கம்பி வழியாக என்னைக் கூப்பிட்டு, "அதைப் பிடுங்கிவிடு. கடையில் நாற்று கிடைக்கும், தக்காளி வாங்கி வை" என்றார். இது சாப்பிடுகிற கீரை என்றேன். "எனக்குத் தெரியும். எங்கள் நாட்டில் அதற்குக் கலலூ என்று பெயர். இங்கே வந்த முதல் வருஷம் நானும் போட்டேன். எனக்கும் ரிப்பன் கட்டினார்கள். பிடுங்கினேன். பிளாட் இன்னும் என்னிடம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தக்காளிக்குள் குனிந்துகொண்டார்.

இரவு சாப்பாட்டின்போது வீட்டிலும் அதே பேச்சு. "நான் ஒரு மெயில் டிராஃப்ட் பண்றேன். பொலைட்டா எழுதி எக்ஸ்ப்ளெய்ன் பண்ணலாம். இல்லீனா நாலு தக்காளி வெச்சுட்டுப் போ, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் கணவர்.

"நீங்க ஒன்னும் எழுத வேண்டாங்க. எம்பேருக்கு வந்த மெயிலு. நான் பாத்துக்கறேன்."

"ஏன் இப்படி ஒத்தக்கால்ல நிக்கற? பிளாட் போனாப் பரவால்லயா உனக்கு?"

பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. போனால் எனக்குத் தாங்காது. அதை அவரிடம் சொன்னேன். அது என்னிடம் இருக்கும் ஒரே ஒரு விஷயம் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் மெயிலைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் கோஆர்டினேட்டரைப் பிடித்தேன். இது களை இல்லை, என் ஊர்ச் சாப்பாடு என்று ஆரம்பித்தவள், கோபத்தில் ஆங்கிலம் தடுக்கி, பாதி வாக்கியத்தில் நின்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவருடைய கவலை எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தச் செடி பூத்தால் விதை பொடிப் பொடியாகக் கொட்டும், காற்றிலும் செருப்பிலும் போய் ஊர் பிளாட்டெல்லாம் முளைக்கும், அப்புறம் வருஷக்கணக்கில் பிடுங்க வேண்டியதுதான். "நீங்கள் சாப்பிடலாம். ஆனால் எது உங்கள் பயிர், எது களை என்று எனக்குப் பார்த்தால் தெரியவில்லையே. மற்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். முகத்தில் அடித்தாற்போல ஏதாவது சொல்லத்தான் வந்தேன், ஆனால் கேள்வி நியாயமாக இருந்தது. இரண்டு வாரம் முடியும்போது வாருங்கள், அப்போது பதில் சொல்கிறேன் என்றேன்.

வரிசையாகப் பிடுங்கி நடலாம் என்று ஒரு நாள் நினைத்தேன். நூலெல்லாம் கட்டிவிட்டேன். பிறகு அவிழ்த்துவிட்டேன். கீரை தக்காளி வேஷம் போட வேண்டிய அவசியம் என்ன? அதற்குப் பதில் என் பாத்தியில் உண்மையான களை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். விடிந்தும் விடியாததுமாகப் போய் வரப்பில் குந்துவேன். கீரை இலை தொட்டால் மெத்தென்று இருக்கும், பன்றிக் களையின் இலை கொஞ்சம் சொரசொரப்பு, அடித்தண்டில் பூனை முடி. முதலில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். போகப் போக விரலே சொல்லிவிட்டது. புல், கோரை, பெயர் தெரியாத கொடி எல்லாவற்றையும் வேரோடு எடுத்தேன். கோரை உயிரை வாங்கியது. களிமண்ணுக்குள் நகம் உடைந்து, ரத்தம் கட்டி, இரவில் சப்பாத்தி மாவு பிசையக் கை மறுத்தது. அது போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளும் போனேன்.

மூலையில் இருந்த பருப்புக் கீரையை மட்டும் விட்டுக்கொடுத்தேன். அது வரப்பு தாண்டி ஓடுகிற ஜாதி, அதற்காகச் சண்டை போட்டால் மீதிக்கும் ஆபத்து. மொத்தத்தையும் வழித்து எடுத்து, பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சலோடு சாப்பிட்டேன்.

மகள் என்னை இரண்டு மூன்று நாள் கவனித்துவிட்டு, ஒரு மரப் பலகையில் பெயின்டால் எழுதிக்கொண்டு வந்தாள். மேலே முளைக்கீரையின் ஆங்கிலப் பெயர், 'அமரான்த்'. கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் 'திஸ் இஸ் ஃபுட்'. நட்டுவைத்தோம்.

இரண்டு வாரம் முடிந்த சனிக்கிழமை, கணவரும் வந்தார். நான் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கோஆர்டினேட்டரோடு கமிட்டிக்காரர் ஒருவர், உயரமாக, வெயிலில் சிவந்த கழுத்தோடு வந்திருந்தார். சின்ன வயதில் அப்பாவின் பண்ணையில் பிக்வீட் வெட்டியே முதுகு போனவராம், அதற்காகவே கூட்டிவந்திருந்தார்கள். கை குலுக்கிவிட்டு, அவர் என் கணவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கணவர் அவரை நிறுத்தினார். "ஷீ இஸ் த கார்டனர். டாக் டு ஹெர்" என்று சொல்லிவிட்டு, நடந்து போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். அவர் எனக்காகச் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், இன்றுவரைக்கும்.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஆங்கிலம் எல்லாம் அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்விட்டது. ஒன்றைத்தான் சொன்னேன். "இந்தப் பாத்தியில் களை ஒன்று இருந்தால் காட்டுங்கள். காட்டிவிட்டால் பிளாட்டை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்."

வாய் முந்திவிட்டது.

அவர் மண்டியிட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படித் தேடினார். செடிகளை விரலால் விலக்கி, அடித்தண்டைப் பார்த்து, பாத்தி பாத்தியாக நகர்ந்தார். கடைசிப் பாத்தியில் நின்று, ஒன்றைப் பிடித்து வேரோடு இழுத்து, மண்ணை உதறி, என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "ரெட் ரூட். வேர் சிவப்பாக இருந்தால் பிக்வீட். இது எனக்குத் தெரியாதா?"

வாங்கிப் பார்த்தேன். வேரில் சிவப்பு இருந்தது உண்மை. இலையைத் தடவினேன், தண்டைத் தடவினேன், வழவழவென்று இருந்தது. நடைபாதை ஓரம் நின்ற பன்றிக் களை ஒன்றைப் பிடுங்கிவந்து இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள் என்றேன். அந்தப் பெரிய மனிதர் நிஜமாகவே கண்ணை மூடினார். கட்டைவிரலால் ஒன்றை, பிறகு மற்றதைத் தடவினார். திரும்பவும் ஒருமுறை தடவினார்.

"ஒன்றில் முடி இருக்கிறது" என்றார்.

"முடி இல்லாதது எங்கள் ராத்திரிச் சாப்பாடு. பெரியதாகப் பார்த்துப் பிடுங்கியிருக்கிறீர்கள், தாங்க்ஸ்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். கோஆர்டினேட்டர் சிரிக்கவில்லை. பூ விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பூக்கும்வரை விட்டால் கீரை முற்றிவிடும், எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள், அதற்கு முன்னாலேயே பிடுங்கிவிடுவேன் என்றேன். ஒரே ஒரு பூ பார்த்தாலும் மறுபேச்சு இல்லை என்றார். பார்க்க மாட்டீர்கள் என்றேன். அவர் இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்து ரிப்பனை வெட்டி, சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அடுத்த பிளாட்டுக்கு நடந்தார்.

அவர்கள் தலை மறைந்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அதை நிறுத்தவும் தோன்றவில்லை.

பக்கத்து பிளாட் அம்மா இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், நிமிரக்கூட இல்லை. இது என்ன செடி என்று தெரிந்த ஒரே ஆள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கம்பி ஓரமாக வந்து நின்றபோது எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"உன்னை விட்டுவிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

நீங்கள் வாயைத் திறந்திருக்கலாமே என்றேன். ஆமாம் என்றார். பிறகு, "எனக்குக் கொஞ்சம் விதை தருவாயா?" என்று கேட்டார்.

கொடுக்கக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். வாங்கிய விதையெல்லாம் தூவித் தீர்ந்தது, புது விதையும் இருக்காது, பூக்க விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்றேன். அவர் மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு நின்றார், போகவும் இல்லை. நான் எழுந்து, பாத்தியில் நெருக்கமாக இருந்த இடத்தில் கையை விட்டு, மண்ணோடு ஒரு பிடி நாற்றைப் பெயர்த்து எடுத்தேன். ஆனால் அவர் பிளாட்டில் கை வைக்க இடமில்லை, நூல் பிடித்தாற்போல் தக்காளி. எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன்.

அவர் திரும்பி நடந்தார். முன்வரிசையில், கொத்துக் கொத்தாகக் காய் பிடித்திருந்த இரண்டு செடிகளின் கூண்டைக் கழற்றினார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் வேரோடு பிடுங்கி ஓரமாகப் போட்டார். பிறகு மண்டியிட்டு, அந்தக் குழிந்த மண்ணை உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கே" என்றார்.